அணைத்த கற்பூரம்

ஆம்பூர்
9.1.2024

நாட்றம்பள்ளி செல்லம்மாளுக்கு, ஆம்பூர் பஞ்சாட்சரம் எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் உன் மகள் மோகனா குடும்பமும் சுகமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது பேச்சு அல்ல, எழுத்து. அம்மாவின் கருமாதி அன்று ஒடுகத்தூர் கோயில் வாசலில், அத்தனை உறவுக்கும் நடுவே கற்பூரத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால் அணைத்து, கூடப்பிறந்தவளோடு இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். எட்டு வருஷமாக அதை மீறவில்லை. இப்போதும் மீறவில்லை. சத்தியம் வாய்க்குத்தான். தபாலுக்கு இல்லை.

விஷயம் இதுதான். தீபாவளியிலிருந்து எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. மிளகு, சுக்கு, கஷாயம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. என் மகன் ஜெயப்பிரகாஷ் போனில் கேட்டுவிட்டு, யாரோ பேசுவதுபோல் இருக்கிறது என்று ஓசூரிலிருந்து ஓடிவந்தான். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குரல்வளையில் ஏதோ இருக்கிறதாம். மயக்கம் கொடுத்துத் துளி சதை எடுத்திருக்கிறார்கள். அடுத்து கழுத்துக்கு ஸ்கேன்.

குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்று டாக்டரம்மா கேட்டார். தெரியாது என்றேன். அம்மாவின் கடைசி ஆஸ்பத்திரிக் காகிதம் உன்னிடம்தான் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருந்தது என்று ஒரு வரி எழுதி அனுப்பு. வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

அன்று நீ சபையில் சொன்னதை நான் மறக்கவில்லை என்பதையும் தெரிந்துகொள்.

இங்ஙனம்,
மு. பஞ்சாட்சரம்


நாட்றம்பள்ளி
17.1.2024

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கச்சி செல்லம்மா கும்பிட்டு எழுதுவது. பொங்கல் நல்லபடியாகப் போயிற்று. முட்டி வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் உடம்புதான் இப்போது என் கவலை.

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் தபால்காரரை நிற்கவைத்துக்கொண்டே படித்தேன். ஆம்பூரிலிருந்து இங்கே வர உன் கடிதம் ஐந்து நாள் எடுத்திருக்கிறது. எட்டு வருஷத்துக்கு அது ஜாஸ்தி இல்லை.

அம்மாவின் காகிதத்தில் இருப்பதைப் பார்த்து எழுதுகிறேன். இடது மார்பில் புற்று, நுரையீரல் வரை பரவியது. இதை அப்படியே டாக்டரிடம் காட்டு. சபையில் சொன்னதைப் பற்றி இப்போது எழுதமாட்டேன். எழுதினால் நீ இதையும் கிழித்துப்போடுவாய்.

முடிவு வருகிற நாள் என்றைக்கு? கூட யார் போவது? ஜெயப்பிரகாஷுக்கு லீவு கிடைக்குமா?

ஸ்கேனுக்குப் போகும்போது அரைஞாண் கொடியைக் கழற்றிவிட்டுப் போ. கையில் மருந்து ஏற்றும்போது உடம்பெல்லாம் திடீரென்று சூடாகும், வேட்டியிலேயே ஒன்றுக்குப் போய்விட்டதுபோல் இருக்கும். போயிருக்கமாட்டாய். பயப்படாதே. ஸ்கேன் சுலபம், அதற்கப்புறம் முடிவுக்குக் காத்திருப்பதுதான் பாடு. அந்த நாட்களில் வீட்டில் சும்மா உட்காராதே. பயப்படாமல் இருக்க வேண்டும் என்று மனசோடு சண்டை போடாதே, அது ஜெயித்துவிடும். சாயந்திரம் ஐந்து மணியிலிருந்து ஐந்தரை வரை பயப்படுவதற்கு என்று ஒதுக்கு. மற்ற நேரத்தில் பயம் வந்தால், ஐந்து மணிக்கு வா என்று சொல்லி அனுப்பு. டாக்டரிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிவை, உள்ளே போனால் எல்லாம் மறந்துபோகும்.

கஞ்சி குடி. காரத்தைக் குறை. பதில் போடு.

உன் தங்கச்சி,
செல்லம்மா


ஆம்பூர்
24.1.2024

செல்லம்மாளுக்கு, பஞ்சாட்சரம் எழுதுவது. கடிதம் கிடைத்தது. உடம்பு இருந்தபடி இருக்கிறது.

ஆம்பூரிலேயே ஸ்கேன் எடுத்தேன். படத்தை அன்றைக்கே கையில் கொடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட்டும் சதைப் பரிசோதனை முடிவும் வேலூருக்குத்தான் போகும். 29ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். ஜெயப்பிரகாஷுக்கு லீவு இல்லை. நானே போய்க்கொள்வேன் என்று சொல்லிவிட்டேன்.

படத்தை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். நான் நாற்பத்திரண்டு வருஷம் தோல் பதனிடும் டேனரியில் ரகம் பிரிக்கிற செலக்‌ஷன் மேஸ்திரி. ஒரு தோலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உண்ணிக் கடி எது, கத்தி பட்டது எது, உள்ளுக்குள் அழுகியது எது என்று மூச்சு விடுவதற்குள் சொல்லிவிடுவேன். மூன்றாங்கிளாஸ் படித்தவனை மேஸ்திரி ஆக்கியது இந்தக் கண்தான். இத்தாலிக்காரன் வந்து பார்த்துவிட்டு நான் பிரித்து வைத்த கட்டுகளில் ஒரு தோலைக்கூட மாற்றச் சொன்னதில்லை.

பார்த்ததைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அம்மாவின் வெண்கல அண்டா என் வீட்டில்தான் இருக்கிறது. அது உனக்குச் சேர வேண்டியது. ஆளை அனுப்பி எடுத்துக்கொள். அலமாரியில் அப்பாவின் போட்டோவும் இருக்கிறது, அதையும்.

இன்னொன்று. ஸ்கேனில் உடம்பு சூடாகும் என்று எழுதியிருந்தாய். அப்படியே ஆயிற்று. உனக்கு எப்படித் தெரியும்?

மு. பஞ்சாட்சரம்


நாட்றம்பள்ளி
21.2.2024

அன்புள்ள அண்ணனுக்கு, செல்லம்மா கும்பிட்டு எழுதுவது. இங்கே நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், இரண்டும் கம்மியாக.

நான்காம் தேதி ஒரு கடிதம் போட்டேன், பதில் இல்லை. பன்னிரண்டாம் தேதி ஒன்று போட்டேன், அதற்கும் இல்லை. 29ஆம் தேதி என்ன சொன்னார்கள் என்பதைத்தான் இரண்டிலும் கேட்டிருந்தேன்.

அதனால் நேற்று பஸ் ஏறி ஆம்பூருக்கு வந்தேன். உன் வாசலுக்கு வரவில்லை. உன் தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கிற அப்துல் ஹமீத் பாயிடம் விசாரித்தேன். அவர் சொன்னது: "மேஸ்திரியா? சைக்கிளை என் பையனுக்குக் கொடுத்துட்டாரும்மா. கட்டிலு, பீரோ இன்னா வேணும்னாலும் எடுத்துக்கோங்கறாரு. ஊருக்குப் போறியா மேஸ்திரின்னேன், ஆமான்னாரு." நான் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே நீ பால் வாங்க வந்தாய். என்னைப் பார்க்கவில்லை. காசை எண்ணிக் கொடுத்தாய், பாய் கேட்டதற்குக் கையை ஆட்டினாயே தவிர வாயைத் திறக்கவில்லை. சட்டை உன்மேல் தொங்கியது.

நீ 29ஆம் தேதி போகவில்லை. அதுதானே? படத்தை நீயே பார்த்து நீயே ரகம் பிரித்துவிட்டாய்.

எழுதமாட்டேன் என்று சொன்னதை எழுதவைக்கிறாய் அண்ணா. அம்மா கட்டியைக் காட்டியபோது நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்றேன். நீ கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, கொழுப்புக் கட்டி, கத்தி வைத்தால்தான் கெடும் என்றாய். வீட்டில் உன் பேச்சுக்கு மேல் பேச்சு இருந்ததா? பத்து மாசம். அதைத்தான் சபையில் சொன்னேன். உன்னைக் கேவலப்படுத்தச் சொல்லவில்லை, தாங்கமுடியாமல் சொன்னேன். அந்த விரலை இப்போது உன் தொண்டையில் வைக்காதே.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

செல்லம்மா


ஆம்பூர்
3.3.2024

செல்லம்மாளுக்கு, பஞ்சாட்சரம் எழுதுவது. சுகத்தை விசாரிக்க வேண்டாம்.

கேட்டாய், சொல்கிறேன். படத்தில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னச் சதுரங்கள். ஒவ்வொன்றும் என் கழுத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்ததுபோல. ஒவ்வொன்றிலும் நடுவில், பின்பக்கமாக, வெள்ளையாக ஒரு கட்டி. எலுமிச்சை அளவு. மேலிருந்து கீழ்வரை ஒன்றுவிடாமல் எல்லாச் சதுரத்திலும் இருக்கிறது. ஒரு தோலில் ஓரத்தில் பழுது இருந்தால் வெட்டிவிட்டு மீதியைக் கையுறைக்கு அனுப்பலாம். நடுமுதுகு நெடுக ஓடினால் அதைக் கட்டிலேயே சேர்க்கமாட்டோம். இதைச் சொல்ல எனக்கு டாக்டர் எதற்கு? வேலூருக்குப் போய், டோக்கன் வாங்கி, நாலு பேர் நடுவே உட்கார்ந்து, எனக்குத் தெரிந்ததையே இன்னொருவர் வாயால் கேட்டுவிட்டு வர வேண்டுமா?

உன் ஐந்து மணிக் கணக்கும் செல்லவில்லை. அது காலையில் நான் பல் துலக்கும்போதே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. கண்ணாடியைப் பார்த்தால் கழுத்தைத்தான் பார்க்கிறேன். சோறு இறங்கினால், இன்றைக்கு இறங்கிவிட்டது என்று நினைக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று தடவை போன் வந்தது, எடுக்கவில்லை. சொல்லாதவரை அது படத்தில் மட்டும் இருக்கிறது. சொல்லிவிட்டால் என்மேல் வந்துவிடும். உனக்குப் புரியாது.

அம்மாவைப் பற்றி நீ எழுதியதற்கு நான் பதில் சொல்லவில்லை என்றால் ஒத்துக்கொண்டதாக அர்த்தம் இல்லை.

மு. ப.


நாட்றம்பள்ளி
8.3.2024

அண்ணனுக்கு,

எனக்குப் புரியும்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து உனக்கு வேறு நாள் வாங்கிவிட்டேன். 15ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். நீ பேச வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று எடுத்து வா, பேனா நான் கொண்டு வருகிறேன். எழுதுவது பேச்சில் சேராது என்று நீதானே சட்டம் போட்டாய். நீ வராவிட்டால் அடுத்த பஸ்ஸில் ஆம்பூர் வந்து உன் தெரு நடுவில் உட்காருவேன். என்னைத் தெரியும் உனக்கு.

படத்தை மறக்காமல் எடுத்துக்கொள்.

செல்லம்மா


(நாற்பது பக்க நோட்டின் முதல் இரண்டு பக்கங்கள். வேலூர் ஆஸ்பத்திரியில், டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோது எழுதியது. 15.3.2024)

செல்லம்மா: டோக்கன் 64. இப்ப 31 ஓடுது. தண்ணி குடி.

பஞ்சாட்சரம்: வேண்டாம்.

செ: எதிர்ல உட்கார்ந்திருக்கிற அம்மா நம்ம ரெண்டு பேரையும் ஊமைன்னு நினைச்சுக்கிட்டு, எங்கிட்ட ஜாடையில மணி கேட்டுச்சு.

ப: நீ என்ன சொன்னாய்.

செ: நானும் ஜாடையிலேயே சொன்னேன். பாவம், எதுக்கு அவங்களை ஏமாத்தணும்.

ப: பேஜார்.

செ: சிரிச்ச. பார்த்தேன்.

ப: இருமல்.

செ: டோக்கனை ஏன் இப்படிக் கசக்குற?

ப: ஃபேன் காற்று.

செ: ஃபேன் ஓடல. கட்டைவிரலால மத்த விரலை ஒண்ணொண்ணா தொடு. நாலு முடிஞ்சதும் திரும்பி வா. எண்ணாத, தொட்டுக்கிட்டே இரு. 44 ஓடுது.

ப: நீ கொண்டுவந்த இட்லி கொடு.

செ: மெதுவா சாப்பிடு.

ப: கவுண்டரில் ஃபைல் வாங்கிய பெண் உன்னைப் பார்த்து, "செல்லம்மா, உங்க செக்கப் ஜூன்லதானே" என்றாள். என்ன செக்கப்?

செ: முட்டி வலி.

ப: முட்டிக்கு இந்த மாடியா? இந்த மாடி எதற்கு என்று படிக்கட்டுக்கு மேலே போர்டு இருக்கிறது. மூன்றாங்கிளாஸ் என்றாலும் போர்டு படிக்கத் தெரியும்.

செ: 58.

ப: நான் கேட்டதற்குப் பதில்.

செ: 2019. அம்மாவுக்கு வந்ததேதான், அதே பக்கம். எடுத்துட்டாங்க. இப்ப நல்லா இருக்கேன். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பார்க்கணும், அவ்வளவுதான். 61.

செ: எழுதுண்ணா. இல்லன்னா பேனாவைக் கொடு, மூடி வைக்கிறேன். மை காயுது.

ப: யார் கூட வந்தது?

செ: 64. எழுந்திரு.


ஆம்பூர்
20.3.2024

தங்கை செல்லம்மாளுக்கு, அண்ணன் பஞ்சாட்சரம் எழுதுவது. கஞ்சி குடிக்கிறேன், காரம் நிறுத்திவிட்டேன். நீ பஸ்ஸில் நின்றுகொண்டே போனாயே, கால் வீங்கியதா?

டாக்டரம்மா படத்தை விளக்குப் பலகையில் மாட்டி, நான் காட்டிய வெள்ளைக் கட்டியின்மேல் பேனாவை வைத்து, "இது உங்க கழுத்தெலும்பு ஐயா, எல்லாருக்கும் இருக்கும்" என்று சொன்னபோது நீ முந்தானையால் வாயை மூடிக்கொண்டாய். சிரித்தாயா, அழுதாயா என்று தெரியவில்லை. நான் என்ன செய்வது? தோலில் எலும்பு கிடையாது. உரித்தபிறகு வருவதைத்தான் நாற்பத்திரண்டு வருஷம் பார்த்தேன். எலும்பு வெளிச்சத்தில் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் காட்டவில்லை.

நிஜமான நோய் இருந்த இடத்தையும் அவர் காட்டினார். குரல் நாண் மேல் ஒரு பயறு. என் கண் அதன்மேல் நிற்கவே இல்லை.

அதற்கப்புறம் அவர் சொன்னதை நீயும் கேட்டாய். ஜனவரியில் வந்திருந்தால் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தே குரலோடு காப்பாற்றப் பார்த்திருக்கலாம். இந்த ஏழு வாரத்தில் ஒரு பக்கம் அசைவு நின்றுவிட்டது. குருத்தெலும்புக்குள் போயிருக்கிறதா என்று இன்னொரு ஸ்கேன். போகவில்லை என்றால் கரண்ட். போயிருந்தால் குரல்வளையையே எடுத்துவிடுவார்கள், உயிர் நிற்கும், குரல் போகும். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

இந்த முறை படத்தை நான் பார்க்கவில்லை. உறையை ஒட்டியபடியே கொடுத்துவிட்டேன். முடிவு ஏப்ரல் எட்டாம் தேதி. கட்டைவிரலால் மற்ற விரலைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன்.

நோட்டில் நான் கேட்ட கடைசிக் கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. யார் உன்கூட வந்தது? ஏன் எனக்குச் சொல்லவில்லை?

பஞ்சாட்சரம்


நாட்றம்பள்ளி
27.3.2024

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கச்சி செல்லம்மா எழுதுவது. கால் வீங்கவில்லை. மோகனா பெங்களூரிலிருந்து மாத்திரை அனுப்பியிருக்கிறாள், அவள் வீட்டில் எல்லாரும் சௌக்கியம். நீ ஒரு வேளையாவது வயிறு நிறையச் சாப்பிடு.

கேட்டதற்குச் சொல்கிறேன். குளிக்கும்போது கையில் தட்டியது. வேர்க்கடலைப் பருப்பு அளவு. மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிவிட்டேன். அம்மா பத்து மாசம் காத்திருந்ததைப் பார்த்தவள் ஒரு நாள்கூடக் காத்திருக்கமாட்டாள். நான் பிழைத்தது அம்மாவால்தான். மோகனாவுக்கு அப்போது தலைப்பிரசவம், அவளிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு முனவ்வர் பேகம்தான் கூட வந்தாள். முடிவு வருகிறவரை பதினொரு நாள். ஐந்து மணி யோசனை அவள் சொன்னது. தினமும் ஐந்து மணிக்கு என் வீட்டுக்கு வந்து, "வாங்க, பயப்படலாம்" என்று டீயோடு உட்காருவாள்.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். ஆபரேஷனுக்கு முந்தின நாள் முனவ்வர் என் புத்தகத்தில் உன் நம்பரைப் பார்த்து அவளாகவே போன் போட்டாள். நாட்றம்பள்ளியிலிருந்து செல்லம்மாவைப் பற்றிப் பேசணும் என்றதும் நீ வைத்துவிட்டாயாம். மறுபடி போட்டதற்கு நீ எடுக்கவில்லை. அவள் என்னிடம் அதை ஒரு வருஷம் கழித்துத்தான் சொன்னாள். உனக்கு ஞாபகம் இருக்காது.

இதை எழுதுவது உன்னைக் குத்துவதற்கு இல்லை. எனக்குக் கோபம் இருந்தது, போய்விட்டது. பேசாமல் இருப்பது பழகியும் போய்விட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

குரல் போனாலும் போகலாம் என்கிறார்கள். ஒடுகத்தூர் கோயில் பூசாரி பச்சையப்பனைக் கேட்டேன். கற்பூரத்தை அணைத்துச் செய்த சத்தியத்தை இறக்க வழி இருக்கிறதாம். அதே இடத்தில் இன்னொரு கற்பூரத்தைக் கொளுத்தி, அது தானாக எரிந்து தீரும்வரை நின்று, தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னால் போதும். நான் கூட வர வேண்டியதுகூட இல்லை.

எட்டாம் தேதிக்கு முன்னால் போய்விட்டு வா.

செல்லம்மா


ஆம்பூர்
21.4.2024

தங்கை செல்லம்மாளுக்கு, அண்ணன் எழுதுவது. நேற்று முன்தினம் ஓட்டுப் போட்டேன், விரலில் மை இன்னும் இருக்கிறது. நீயும் போட்டிருப்பாய். வெயில் இந்த வருஷம் ரொம்ப ஜாஸ்தி, வெளியே அலையாதே.

எட்டாம் தேதி நீ வர வேண்டாம் என்று ஜெயப்பிரகாஷை அழைத்துப் போனேன். முடிவை அவன் உனக்குப் போனில் சொல்லியிருப்பான். குருத்தெலும்புக்குள் போய்விட்டது. மே இரண்டாம் தேதி ஆபரேஷன். கழுத்தில் ஓட்டை வைப்பார்கள், அதன்வழியாகத்தான் இனி மூச்சு. பிறகு மிஷின் வைத்துப் பேசப் பழகலாம் என்று சொல்கிறார்கள். ஒருவர் பேசிக் காட்டினார். ரயில்வே ஸ்டேஷனில் அறிவிப்பதுபோல் இருந்தது. எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

முனவ்வர் பேகம் போன் செய்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. உண்ணும் நேரம். தட்டில் ரசம் ஊற்றியிருந்தேன். உன் பேரைக் கேட்டதும் வைத்துவிட்டு, சாப்பிட்டு முடித்தேன். நன்றாகவே சாப்பிட்டேன். அதுதான் இப்போது ஞாபகம் வருகிறது.

ஒடுகத்தூருக்குப் போனேன். பதினேழாம் தேதி. கற்பூரப் பாக்கெட் சட்டைப் பையில் இருந்தது. போய் இறங்கியபோது மணி பன்னிரண்டு, நடை சாத்தியிருந்தது. நாலு மணிக்குத் திறப்பார்கள், வேப்பமரத்தடியில் உட்காருங்கள் என்றார்கள். உட்கார்ந்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். தெரியாமல் செய்யவில்லையே, தெரிந்துதானே செய்தேன் என்று மனசு நின்றுகொண்டது. சாமி முன்னால் போய்ப் பொய் சொல்வதா? ஒரு மணி பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம். வேறு வேலை எனக்கு என்ன இருந்தது?

ஆபரேஷனுக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. பார்க்கலாம்.

அண்ணன் பஞ்சாட்சரம்


ஆம்பூர்
27.5.2024

செல்லாவுக்கு, அண்ணன் எழுதுவது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தேன், ஜெயப்பிரகாஷ் பதினைந்து நாள் லீவில் கூட இருக்கிறான். மூக்கில் போட்ட குழாயை எடுத்துவிட்டார்கள், கஞ்சி இறங்குகிறது. கழுத்தில் நோய் மிச்சம் இல்லை என்றார் டாக்டரம்மா. மூன்று வாரம் நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக்கிடந்தாய். உன் முதுகு எப்படி இருக்கிறது?

மயக்கம் தெளிந்ததிலிருந்து நோட்டில் உனக்குத் தண்ணீர், தலையணை, வலி என்று எழுதினேனே தவிர இதை எழுதவில்லை. அங்கே நீ பக்கத்தில் நிற்கும்போது எழுதமுடியவில்லை. தபாலில்தான் வருகிறது.

ஏப்ரல் கடைசியில் மூன்று தடவை உன் போனுக்கு அடித்துவிட்டு வைத்தது நான்தான். நீ "அலோ, யாருங்க" என்பாய். சொல்ல வேண்டியது வாயில் இருக்கும். எட்டு வருஷம் பூட்டிவைத்தது உடனே திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று நேரில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நீ வந்தாய், ஃப்ளாஸ்கைத் துடைத்தாய், நர்சம்மா மெர்சியிடம் என்னைப் பற்றிக் குறை சொன்னாய், ஜெயப்பிரகாஷ் கூடவே இருந்தான். நாளைக்குக் காலையில், யாரும் இல்லாதபோது என்று நினைத்தேன்.

காலையில் உன்னை ரத்த வங்கிச் சீட்டுக்கு அனுப்பினார்கள். அது அடுத்த கட்டடம். நீ போய்க் கொஞ்ச நேரத்திலேயே தள்ளுவண்டி வந்துவிட்டது. மெர்சியிடம், தங்கச்சி வரட்டும், பத்து நிமிஷம் பொறுங்கள் என்றேன். அந்தப் பெண் போன் செய்து கேட்டது, உள்ளே எல்லாரும் தயாராக நிற்கிறார்கள், முடியாது என்று பதில் வந்தது. வராந்தாவில் தள்ளிக்கொண்டு போனார்கள். லிஃப்ட் கதவு மூடுவதற்கு முன்னால் தலையைத் தூக்கி, இருந்த குரலையெல்லாம் கூட்டி, உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் எழுந்துவந்து, என்ன வேணும் பெரியவரே என்றார். கதவு மூடிவிட்டது.

அதுதான் நான் பேசிய கடைசிப் பேச்சு. உன்னிடம் போய்ச் சேரவில்லை. ஆகவே சத்தியம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இனி நினைத்தாலும் மீறமுடியாது. இப்படி ஒரு சத்தியத்தைக் காப்பாற்றியவன் என்று என்னைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள்.

சொல்ல இருந்தது இதுதான். அம்மாவின் கட்டியைத் தொட்டது நான். அது கல்போல் இருந்தது. கொழுப்பு அப்படி இருக்காது என்று என் விரலுக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் கொழுப்பு என்று சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன சொல்வார்களோ என்ற பயம். எனக்குத் தெரியாது என்று சொல்ல என்னால் முடியவில்லை. சபையில் நீ சொன்னது சரி. அது சரி என்பதால்தான் கற்பூரத்தை அணைத்தேன்.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

அண்ணன்


நாட்றம்பள்ளி
2.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கச்சி செல்லம்மா எழுதுவது. முதுகு பரவாயில்லை. கழுத்து ஓட்டையின்மேல் ஈரத்துணி போட்டுக்கொண்டே இரு, தூசி உள்ளே போகக்கூடாது என்று மெர்சி சொன்னதை மறக்காதே.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அம்மா விஷயத்துக்கு வருகிறேன். பரவாயில்லை என்று எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை, அது பரவாயில்லாத விஷயம். ஆனால் எட்டு வருஷமாக நான் அதைத் தனியாகத் தெரிந்துவைத்திருந்தேன். இப்போது இரண்டு பேருக்குத் தெரியும். அது எனக்குக் கொஞ்சம் இறக்கிவைத்ததுபோல் இருக்கிறது.

போனில் நீதான் என்று எனக்குத் தெரியும். மூச்சு கேட்டது. நானும் சும்மா இருந்தேன். "அண்ணாவா" என்று நான் கேட்டிருக்கலாம். நீயாகச் சொல்லட்டும் என்று நினைத்தேன். எனக்கும் பிடிவாதம் கம்மி இல்லை.

நீ கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. கேட்டது என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும், ஆனால் பொய். நான் அப்போது சீட்டுக்கு வரிசையில் ஏழாவது ஆளாக நின்றுகொண்டிருந்தேன். முன்னால் இருந்தவரிடம் சில்லறை இல்லை என்று தகராறு. திரும்பி வந்தபோது உன் கட்டிலை வேறு விரிப்புப் போட்டு மாற்றியிருந்தார்கள்.

நேற்று என் செக்கப்புக்காக வேலூர் போனேன். எனக்கு ஒன்றும் இல்லை, அடுத்த வருஷம் வா என்று சொல்லிவிட்டார்கள். வரும் வழியில் உன் வார்டுக்கு ஏறி மெர்சியைப் பார்த்தேன். அன்றைக்கு லிஃப்டில் எங்கண்ணன் என்ன பேரைச் சொல்லிக் கூப்பிட்டார் என்று கேட்டேன். அந்தப் பெண் ரொம்ப நேரம் யோசித்தது. "ஏதோ ஒரு பேரும்மா, தொண்டை அடைச்சிருந்துச்சு, சரியா விளங்கல" என்றது.

செல்லம்மா என்றா, செல்லா என்றா? சின்ன வயசில் ஏரிக்கரையில் என்னை விட்டுவிட்டு முன்னால் ஓடிவிட்டு, திரும்பி நின்று ஒரு பேர் சொல்லிக் கூப்பிடுவாயே, அதுவா? அப்புறம் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. உன்னிடம் கேட்கவும் எனக்கு இத்தனை நாள் வாய் வரவில்லை.

ஒரு கார்டில் அந்தப் பேரை மட்டும் எழுதி அனுப்பு அண்ணா. நான் சத்தமாகப் படித்துக்கொள்கிறேன்.

உன் தங்கச்சி